போப் பதவியைத் துறக்கலாமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: 2013இல் போப் பதினாறாம் பெனடிக்ட் பதவி விலகிய செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் அம்மா அழுதே விட்டார். அப்பாவோ 'சரியாத்தான் செஞ்சிருக்கார்' என்றார். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. யார் பக்கம் நியாயம்? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: உங்கள் வீட்டில் நடந்ததுதான் அன்று வத்திக்கானிலும் நடந்தது. 2013 பிப்ரவரி 11, லூர்து அன்னை திருநாள். சிலருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கும் தேதியை அறிவிக்கத்தான் கர்தினால்களை, அதாவது போப்புக்கு அடுத்த நிலையில் உள்ள திருச்சபைத் தலைவர்களை, கூட்டியிருந்தார்கள். அந்த வேலை முடிந்ததும் 85 வயது பெனடிக்ட் ஒரு தாளை எடுத்து லத்தீனில் வாசிக்க ஆரம்பித்தார், வயதால் உடலிலும் மனதிலும் வலு குறைந்துவிட்டது, பிப்ரவரி 28 இரவு 8 மணியோடு விலகுகிறேன் என்று. இத்தாலியின் அன்சா செய்தி நிறுவனத்தின் நிருபர் ஜொவான்னா கிர்ரிக்கு லத்தீன் தெரிந்திருந்ததால் உலகத்துக்கு முதலில் செய்தி சொன்னவர் அவர்தான். (பள்ளியில் படித்த லத்தீன் எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.) கர்தினால்கள் குழுத் தலைவர் சொடானோ எழுந்து, தெளிந்த வானத்தில் இடி விழுந்ததுபோல இருக்கிறது என்றார்.

அம்மா ஏன் அழுதார் என்பதைப் புரிந்துகொள்ள எட்டு வருஷம் பின்னால் போக வேண்டும். 2005 ஈஸ்டர் அன்று, பெனடிக்டுக்கு முந்தைய போப் இரண்டாம் ஜான் பால் ஜன்னலுக்கு வந்தார், மைக்கை முன்னால் பிடித்தார்கள், பேச வாயெடுத்தார், குரல் வரவில்லை, கையை உயர்த்தி ஆசீர்வதித்துவிட்டுப் போனார். ஒரு வாரத்துக்குள் இறந்துவிட்டார். பார்க்கின்சன் நோயோடு கடைசி மூச்சுவரை இருந்த அந்த மனிதரைப் பார்த்தவர்களுக்கு, போப் என்றால் இப்படித்தான், சிலுவையைப் பாதியில் இறக்கி வைக்க மாட்டார் என்று மனதில் பதிந்துபோனது. தகப்பன் எங்காவது ராஜினாமா செய்வாரா என்று கேட்டவர்கள் ஏராளம். அந்தக் கேள்வியைத் தப்பென்று சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் ஜான் பாலின் கடைசி வருஷங்களைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தவர் பெனடிக்ட். போப் நோயில் கிடக்கும்போது நிர்வாகம் யார் யார் கைக்கோ போகும் என்பது அவருக்குத் தெரியாததா? அவர் திடீரென்று எடுத்த முடிவும் இல்லை இது. உடலாலும் மனதாலும் முடியவில்லை என்றால் விலகுவது போப்பின் உரிமை, சில நேரம் கடமையும்கூட என்று 2010இலேயே ஒரு நீண்ட பேட்டியில் சொல்லிவிட்டார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2012 மெக்சிகோ பயணத்தில் விழுந்து தலையில் அடிபட்டது, கடல் தாண்டிய பயணம் இனி வேண்டாம் என்றார் மருத்துவர், அடுத்த வருஷம் ரியோவில் உலக இளையோர் மாநாடு காத்திருந்தது. கடைசிப் பொதுச் சந்திப்பில், நான் சிலுவையைக் கைவிடவில்லை என்று அவரே பதில் சொன்னார். என் ஓட்டு அப்பாவுக்கு. ஆனால் அம்மாவின் அழுகையை அவர் கேலி செய்திருந்தால் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சட்டத்தில் இதற்கு இடம் உண்டா? முன்பு யாராவது விலகியிருக்கிறார்களா? (வாசகி, திருச்சி)

பதில்: உண்டு. திருச்சபைச் சட்டம் 332 இரண்டு நிபந்தனைதான் போடுகிறது: சுயவிருப்பத்தோடு விலக வேண்டும், முறையாக வெளிப்படுத்த வேண்டும். யாரும் ஏற்க வேண்டியதில்லை, அவருக்கு மேலே ஆளில்லையே. 1415இல் பன்னிரண்டாம் கிரகோரி விலகினார், அது போட்டிப் போப்கள் இருந்த குழப்பத்தைத் தீர்க்க. மனமுவந்து போனவர் என்றால் 1294இல் ஐந்தாம் செலஸ்டின். மலைக்குகைத் துறவி, கிழவர், பிடித்து வந்து போப் ஆக்கினார்கள், சில மாதத்தில் போதும் என்று இறங்கிவிட்டார். அடுத்து வந்தவர் அவரைக் கோட்டையில் அடைத்துவைத்தார், அங்கேயே செத்தார், அப்புறம் புனிதரும் ஆனார். 2009 நிலநடுக்கத்துக்குப் பிறகு இத்தாலியின் லாக்கிலா நகருக்குப் போன பெனடிக்ட், தன் தோளில் அணியும் பாலியம் என்ற கம்பளிப் பட்டையை அங்கே இருக்கும் அந்தச் செலஸ்டினின் கல்லறைமேல் வைத்துவிட்டு வந்தார். அன்று அதைப் பெரிதாக யாரும் பேசவில்லை. 2013க்குப் பிறகு அந்தப் படம் எல்லா இடத்திலும் வந்தது.

கேள்வி: விலகியவர் வெள்ளை அங்கியோடு வத்திக்கானிலேயே இருந்தது சரியா? (வாசகர், சென்னை)

பதில்: இங்கேதான் எனக்கு அவர்மேல் வருத்தம். பதவி விலகியது சரி, விலகிய பிறகு நடந்துகொண்ட விதத்தில் இன்னும் கவனம் வேண்டும். பெயர் 'ஓய்வுபெற்ற திருத்தந்தை', உடை வெள்ளை, வீடு வத்திக்கான் தோட்டத்துக்குள் ஒரு மடம். அவருக்கு அடுத்து வந்த போப் பிரான்சிஸைப் பிடிக்காதவர்களுக்கு இது போதாதா? விலகலே செல்லாது, நிஜப் போப் அவர்தான் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. 2014இல் பெனடிக்டே ஒரு நிருபருக்குக் கடிதம் எழுதி, என் விலகல் செல்லும் என்பதில் துளிச் சந்தேகமில்லை என்றார். வெள்ளை அங்கி ஏன் என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில்: அந்த நேரத்தில் வேறு உடை இல்லை! படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். ஆனால் 2022 டிசம்பர் 31இல் இறக்கும்வரை வெள்ளைதான். நல்ல எண்ணத்தில் இருந்தார் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் கிராமத்துச் சாமானியக் கிறிஸ்தவனுக்கு டிவியில் இரண்டு வெள்ளை அங்கி தெரிந்தால் அவன் என்ன நினைப்பான்?

கேள்வி: அப்படியானால் பிரான்சிஸ் ஏன் விலகவில்லை? (அதே வாசகர்)

பதில்: மூட்டுவலியோடு சக்கர நாற்காலியில் வந்தபோதெல்லாம் இந்தப் பேச்சு கிளம்பியது. உடல் செயலிழந்தால் பயன்படட்டும் என்று பதவியேற்ற 2013இலேயே விலகல் கடிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டதாக 2022இல் சொன்னார். விலகினால் வத்திக்கானில் இருக்க மாட்டேன், 'ரோமின் ஓய்வுபெற்ற ஆயர்' என்று மட்டுமே அழைக்கப்படுவேன் என்றும் சொல்லியிருந்தார், பெனடிக்டின் அனுபவத்தைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். ஆனாலும் மறு வருஷமே, விலகுவது ஒரு ஃபேஷன் ஆகிவிடக் கூடாது என்றார். 2025 ஈஸ்டர் அன்று பேராலய மாடத்தில் மக்களை ஆசீர்வதித்துவிட்டு மறுநாள் காலை பதவியிலேயே இறந்தார். ஓய்வுபெற்ற போப் எங்கே இருக்க வேண்டும், என்ன உடுத்த வேண்டும் என்பதற்குத் தனிச் சட்டம் அவர் காலத்திலும் வரவில்லை.