கேட்டது நீங்க: ஷெர்கில் குமரிக்கு வந்தாங்களா?

கேள்வி: ஓவியர் அம்ரிதா ஷெர்கில் நம்ம கன்னியாகுமரிக்கு வந்திருக்காங்கன்னு ஒருத்தர் சொன்னார், நெசமா?
– வாசகி, தக்கலை

பதில்: நெசந்தான் மக்ளே. 1937-ல தெக்க சுத்தி வந்தப்ப கன்னியாகுமரியும் வந்தாங்க. அப்பா பஞ்சாபி சீக்கியர், அம்மா ஹங்கேரிக்காரி, பொறந்தது புடாபெஸ்ட்ல, ஓவியம் படிச்சது பாரிஸ்ல, ஆனா அஜந்தா குகைச் சுவரோவியத்தையும் கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியத்தையும் பாத்த பெறவு அவங்க கை மாறிப்போச்சு, உருவங்கள சுருக்கமா அழுத்தமா வரைய ஆரம்பிச்சாங்க. அந்த வருசம் வரைஞ்ச ‘பிரம்மச்சாரிகள்’ பாருங்க, வெள்ளை வேட்டி கட்டுன அஞ்சு பேரு, எனக்கு அவங்க பாரிஸ் படங்கள விட இதுதான் ஒசத்தி. 1941-ல லாகூர்ல இறந்தப்ப வயசு 28 தான். படங்கள் நெறைய டெல்லி நவீன கலைக்கூடத்துல இருக்கு. இந்தியாவுல இருக்க அவங்க படங்கள நாட்டை விட்டு வெளிய கொண்டுபோக முடியாது, சட்டம் அப்படி.