கப்சாய் மோட்டார் சைக்கிளின் பிரீதர் குழாயில் ஆயில் ஒழுகுகிறது. குழாயை அடைத்துவிடலாமா?

தயவுசெய்து அடைக்காதீர்கள். பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் இன்ஜினின் அடியிலுள்ள கிரேங்க் அறையில் காற்று நெருக்குப்படும். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த புகையும் கொஞ்சம் உள்ளே இறங்கும். இரண்டும் வெளியேற அந்தக் குழாய்தான் வழி. அதை அடைத்தால் அழுத்தம் ஆயில் சீல்களின் மேல் போகும். அப்புறம் கியர் மிதிப் பக்கமும் ஒழுகும்.

சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறைக்கு இந்தக் கோளாறோடு வரும் வண்டிகளில் முதலில் ஆயில் அளவைத்தான் பார்ப்போம். ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற சிறிய இன்ஜினுக்கு ஆயில் மாற்றும்போது 0.7, 0.8 லிட்டர்தான் பிடிக்கும். மிச்சம் வைப்பானேன் என்று ஒரு லிட்டர் போத்தலை அப்படியே கவிழ்த்துவிடுகிறார்கள். கூடுதல் ஆயில் நுரைத்துக் குழாயில் ஏறிவிடும். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து, அளவுக் குச்சியைத் துடைத்துத் திருகாமல் செருகிப் பாருங்கள். அளவாக ஊற்றியும் குச்சியில் மட்டம் ஏறியிருந்தால் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டரில் பெட்ரோலை நிறுத்தும் மிதவை ஊசி கசிகிறது. குச்சியில் பால் நிறம் தெரிந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. இரண்டிலும் காரணத்தைச் சரிசெய்து ஆயிலை மாற்ற வேண்டும்.

எனக்கு மனம் பதறுவது ஏர் ஃபில்டரை நினைத்துத்தான். பிரீதர் குழாய் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்தான் போகிறது. ஆயிலில் ஊறிய காகித ஃபில்டர் காற்றை விடாது, வண்டி இழுக்காது. உடனே அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறார்கள். செம்பனைப் பழ லாரிக்குப் பின்னால் தோட்டப் பாதையில் போகும்போது கிளம்பும் செம்மண் தூசி அத்தனையும் நேராக இன்ஜினுக்குள். ரிங் தேயும், உள்ளே இறங்கும் புகை கூடும், ஒழுகல் இன்னும் பெருகும். ஃபில்டர் இல்லாமல் ஒரு நாள்கூடத் தோட்டத்துக்குள் ஓட்டாதீர்கள்.

குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, மடங்காமல் மாட்டுங்கள். பெட்டிக்கு அடியில் மூடி போட்ட சின்னக் குழாய் இருந்தால் அதில் தேங்கியதை வடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் அடிக்கடி பார்க்க வேண்டும். யாராவது பிரீதர் குழாயை வெளியே தொங்கவிட்டிருந்தால் முதலில் அதைப் பின் டயரிலிருந்து விலக்குங்கள், வழுக்கிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் ஒழுகினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நெருக்கும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால், பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் தேய்ந்தது ரிங் பக்கம். அப்போது ரிங்கை மட்டும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள், பிஸ்டன் ஓடும் சிலிண்டர் பிளாக்கையும் அளக்கச் சொல்லுங்கள். பிளாக் தேய்ந்திருந்தால் புது ரிங் அதில் பொருந்தி உட்காராது.