ஐந்து நாள் கரண்ட் போதுமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய பிறகுதான் தெரிந்தது, இடுப்பு எலும்புக்கும் பரவிவிட்டது. ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. 'குணப்படுத்த முடியாது, ஐந்து நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து ரத்தத்தைக் கட்டுப்படுத்தலாம்' என்கிறார் டாக்டர். இதே நோய்க்கு என் சித்திக்கு ஐந்து வாரம் வைத்தார்கள். அம்மாவை மட்டும் ஏன் இப்படிக் கைகழுவுகிறார்கள்? இந்த வயதில் இது தேவையா?

பதில்: கைகழுவ நினைப்பவர் ஐந்து நாள் வரச் சொல்ல மாட்டாரே! உங்கள் சித்திக்கு நோய் இடுப்புப் பகுதியோடு நின்றிருக்கும், அதனால் அடியோடு ஒழிக்கப் பார்த்திருப்பார்கள். அதற்குத் தினமும் கொஞ்சமாக 25 தடவை, மொத்தம் 45 முதல் 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), அப்புறம் கருவி வைத்து உள்ளே கொடுக்கும் கதிர்வீச்சு, கூடவே பெரும்பாலும் வாராவாரம் கீமோ என்று நீளும். அம்மாவுக்கு அத்தனையும் கொடுத்தாலும் எலும்புக்குப் போன நோய் தீராது, அவர் படும் பாடுதான் கூடும். அதனால் ரத்தத்தை அடக்கத் தேவையான அளவை மட்டும், ஒரு தடவைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து, சீக்கிரம் முடித்துவிடுகிறார்கள். ஐந்து நாளில் 20 கிரே என்பது வழக்கமான கணக்கு. பத்துத் தடவையில் 30 கிரேயும் உண்டு, ரொம்பத் தளர்ந்தவர்களுக்கு ஒரே நாளில் 8 கிரேயோடு முடிப்பதும் உண்டு.

பலருக்கு ரத்தப்போக்கு சில நாட்களிலேயே குறைய ஆரம்பித்துவிடும். அதுவரை துணி வைத்து அடைப்பது, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து, தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றுவது என்று சமாளிப்பார்கள். கதிர்வீச்சால் கொஞ்ச நாள் வயிற்றுப்போக்கு, சோர்வு, அடிக்கடி சிறுநீர் வருவது இருக்கலாம்.

எலும்பு வலி இருந்தால் அதையும் கேளுங்கள். அந்த வலிக்கு ஒரே தடவை 8 கிரே கொடுத்தாலும் பல நாள் கொடுத்ததற்கு ஈடான பலன் கிடைக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வலி திரும்பினால் மறுபடி வைக்க வேண்டிவரலாம், அவ்வளவுதான். ஆனால் பலன் தெரிய ஓரிரு வாரமோ அதற்கு மேலோ ஆகும், முதல் சில நாள் வலி கூடவும் செய்யலாம், அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்திவிட வேண்டாம். அதுவரை மார்ஃபின் கொடுக்கச் சொன்னால் கொடுங்கள். 'பழகிவிடும்' என்று அதை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு நோயாளியைத் துடிக்க விடுவதை என்னால் ஏற்கவே முடியாது.

எல்லாவற்றுக்கும் கதிர்வீச்சு மருந்தாகாது. சிறுநீர்க்குழாய் அடைத்திருந்தால் குழாய் வைக்க வேண்டியிருக்கும். பிறப்புறுப்பு வழியாகச் சிறுநீர் கசிந்தால் அந்த ஓட்டையைக் கதிர்வீச்சு மூடாது. நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்து நன்றாகவே கேட்கும்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். வயதைவிட, இப்போது எழுந்து நடக்கிறாரா, சாப்பிடுகிறாரா என்பதுதான் முக்கியம். மிகச் சில நாட்களே இருக்கும் என்று தோன்றினால், பலன் தெரியும் முன்பே காலம் முடிந்துவிடலாம், அப்போது அலையாமல் வீட்டிலேயே மருந்தோடு பார்த்துக்கொள்வது மேல். இதை டாக்டரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள், சங்கடமாகத்தான் இருக்கும். அப்புறம் ஒன்று: முதுகுவலியோடு கால் பலமிழந்தாலோ, மரத்துப்போனாலோ, திடீரென்று சிறுநீர் வராமல் நின்றாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், தண்டுவடம் நசுங்குகிறதோ என்று அன்றைக்கே பார்த்தாக வேண்டும்.

கேள்வி: மாமியாருக்குக் கரண்ட் வைக்கிறார்கள். கைக்குழந்தையை அவரிடம் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர், இயந்திரம் நின்றதும் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது. தலைமுடி கொட்டுமோ என்றும் சிலர் கேட்கிறார்கள்; இடுப்பில் வைத்தால் தலைமுடி கொட்டாது.