கேம் ஷாஃப்ட் பொருந்துமா? காசு கொடுக்கும் முன் அளந்து பாருங்கள்

கே: 1996 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில் எம்.பி.எஃப்.ஐ. (இன்ஜெக்‌ஷன்) வண்டியின் கேம் (வால்வைத் திறக்கும் மேடுகள் கொண்ட சுழல்தண்டு) கிடைக்கிறது. "அப்படியே உட்காரும்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (அயனாவரம் வாசகர்)

உங்கள் பழைய கேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். உங்கள் ஹெட்டில் 3 சிலிண்டருக்கு 6 வால்வ். கடையில் இருப்பது 12 வால்வ் ஹெட்டில் வந்தது என்றால் விலைகூடக் கேட்க வேண்டாம்.

6 வால்வ் கேம்தான் என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஜர்னலின் (கேம் தாங்கியில் உட்கார்ந்து சுழலும் வட்டப் பகுதி) விட்டத்தையும் மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும், வெர்னியர் போதாது. முன்பக்கம் கேம் வீலை இடம் பிசகாமல் பிடிக்கும் டவல் பின் இருக்கும் இடம், பின்பக்கம் டிஸ்ட்ரிபியூட்டர் கியர், ஆயில் துளைகள் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். பலர் கோட்டைவிடுவது பெட்ரோல் பம்ப்பைத் தள்ளும் மேட்டில். இன்ஜெக்‌ஷன் வண்டியில் எலெக்ட்ரிக் பம்ப் என்பதால், அந்தக் கேமில் இந்த மேடு இல்லாமல் இருக்கலாம். மேடு இல்லையென்றால் உங்கள் கார்புரேட்டருக்குப் பெட்ரோலே ஏறாது.

கே: அம்பாசடர் 1489 சி.சி. பெட்ரோல். பழைய கேமையே லிஃப்ட் (வால்வைத் தூக்கும் உயரம்) கூட்டி கிரைண்ட் செய்து தருகிறார்களாம். எதைச் சரிபார்க்க வேண்டும்? (பெரம்பூர் வாசகர்)

கிரைண்ட் செய்யும்போது லோப்பின் (கேம் மேடு) மூக்கு உயராது, அதன் எதிர்ப்பக்கத்து அடிவட்டம்தான் சிறுக்கும். அடிவட்ட விட்டம் 1 மி.மீ. குறைந்தால் டேப்பெட் (லோப்போடு ஏறி இறங்கும் துண்டு) 0.5 மி.மீ. கீழே இறங்கும். அதை ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) ஸ்க்ரூ ஈடுகட்டுமா என்று முதலில் பாருங்கள். மேல்தோலின் கடினப் படலமும் தேய்ந்துபோயிருந்தால் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே லோப் வழுக்கையாகிவிடும். திரும்ப ஹார்டனிங் உண்டா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அடுத்தது கணக்கு. லோப் உயரத்திலிருந்து அடிவட்ட விட்டத்தைக் கழித்தால் லோப் லிஃப்ட். அதை ராக்கர் விகிதத்தால் பெருக்குங்கள், உதாரணமாக 6.5 மி.மீ. × 1.4 = 9.1 மி.மீ. டேப்பெட் கேப்பை (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விடும் இடைவெளி) கழித்தால் வால்வ் உண்மையில் திறக்கும் அளவு. அவ்வளவு திறந்த நிலையிலும் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டக் கூடாது, மொத்தமாக 1.5 மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ரிடெய்னருக்கும் வால்வ் கைடு சீலுக்கும் நடுவிலும் அதே அளவு வேண்டும்.

கடைசியாக, வால்வ் பிஸ்டனில் முட்டுமா என்று பார்க்க, எக்காரணம் கொண்டும் விடக் கூடாத களிமண் சோதனை. பிஸ்டன் தலையில் ஆயில் தடவி, குழந்தைகள் விளையாடும் களிமண்ணை 5 மி.மீ. கனத்துக்கு அப்புங்கள். ஏற்கெனவே அமுங்கிய கேஸ்கெட்டோடு ஹெட்டை முழு டார்க்கில் (முறுக்கு அளவு) இறுக்கி, டைமிங் வைத்து, கிராங்க்கைக் கையால் 2 முழுச் சுற்று சுற்றுங்கள். நடுவில் முட்டினால் அழுத்தாதீர்கள். ஹெட்டைத் திறந்து, களிமண்ணைப் பிளேடால் வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளக்க வேண்டும். இன்டேக் வால்வில் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் வால்வில் 2.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஹெட்டுக்குப் பலமுறை ஃபேஸிங் (அடிப்பரப்பைச் சீவுதல்) நடந்திருந்தால் இந்த இடைவெளி ஏற்கெனவே குறைந்திருக்கும். பழைய வண்டிகளில் வால்வ் வளைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கே: மாருதி ஜென்னுக்கு 280 டிகிரி கேம் போட்டால் பிக்கப் கூடுமா? தினமும் ஏ.சி.யோடு கிண்டிவரை ஓட்டுகிறேன்.

வேண்டாம். டிகிரி என்பது வால்வ் திறந்திருக்கும் காலம், கிராங்க் சுழற்சியில் அளந்தது. அது கூடக் கூட இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரமும் கூடும். ஐடிலில் வாக்குவம் குறைந்து, பிரேக் பூஸ்டர் தளரும், ஏ.சி. கம்ப்ரஸர் பிடிக்கும்போது வண்டி அணையும். மே மாத வெயிலில் கத்திப்பாரா நெரிசலில் உங்களுக்குத் தேவை 2,000 ஆர்.பி.எம்.மில் இழுவை. அந்தக் கேம் அதைத்தான் பறிக்கும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு மட்டும் போகும் வண்டி என்றால் பதில் வேறு.

இன்னொன்று: 280 என்பது எந்த லிஃப்ட்டில் அளந்தது என்று கேளுங்கள். அதே கேமை 1 மி.மீ. லிஃப்ட்டில் அளந்தால் எண் வெகுவாகக் குறையும். ஒரே முறையில் அளந்த எண்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

கே: ஆர்.சி.யில் பதிய வேண்டுமா?

கேம் மாற்றினால் இன்ஜின் எண் மாறாது. இன்ஜினையே மாற்றினால்தான் ஆர்.டி.ஓ. அனுமதியும் பதிவும். ஆனால் புகைப் பரிசோதனையில் தேற வேண்டும்.

கே: மாற்றியபின் இழுவையே இல்லை. கேம் தப்பா?

முதலில் டைமிங் குறியைப் பாருங்கள். 40 பல் கேம் வீலில் ஒரு பல் தவறினால் கேமில் 9 டிகிரி, கிராங்க்கில் 18 டிகிரி. அதுவே போதும் வண்டியை முடக்க. குறி சரியென்றால் டேப்பெட் கேப்பை ஒவ்வொன்றாக அளங்கள்.

அம்பாசடர்போல் தட்டை டேப்பெட் இன்ஜின் என்றால் பழைய டேப்பெட்டையே மாட்டினார்களா என்றும் கேளுங்கள். புதுக் கேமுக்குப் புது டேப்பெட்தான். லோப்பில் அசெம்பிளி லூப் (மாட்டும்போது பூசும் மசகு) தடவி, ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம்.மில் 20 நிமிடம் ஓட்ட வேண்டும். ஐடிலில் லோப்புக்கு ஆயில் போதுமான அளவு தெறிக்காது. பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். சாம்பல் நிற விழுது லேசாக ஒட்டினால் கவலையில்லை; கையில் நெருடும் துகள் வந்தால் அன்றே கேமைக் கழற்றுங்கள்.