வட்டும் வகுப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் மென்பொருள் எழுதுபவன். நிரலாக்கப் பாடங்கள் கொண்ட டிவிடிகளும் சில ப்ளூ-ரே படங்களும் அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கின்றன. எல்லாம் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கும்போது இவற்றை வைத்திருப்பது வெறும் பழம்பற்றா? வட்டில் தரம் கூடுதல் என்கிறார்களே, பாடங்களுக்கும் அது பொருந்துமா?

க.

அன்புள்ள க.,

படங்களை முதலில் முடித்துவிடுகிறேன். 4கே ப்ளூ-ரே வட்டு நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலும் தரவு தரக்கூடியது. 4கே தரத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகம் 15 மெகாபிட். இருட்டிலும் மூடுபனியிலும் எடுத்த காட்சிகளில் வித்தியாசம் கண்ணில் படும். பகல் வெளிச்சத்தில் இருவர் உட்கார்ந்து பேசினால் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை.

பாடங்களின் கதை வேறு. திரையில் இருக்கும் நிரல் பெரும்பாலும் அசைவதில்லை. குறைந்த தரவே போதும். ஆனாலும் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்துகள் கசிந்து தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் 4:2:0 என்ற முறை. திரையின் நான்கு புள்ளிகளுக்கு வெளிச்சம் தனித்தனியாகவும் நிறம் பொதுவாக ஒன்றாகவும் சேமிக்கப்படுகிறது. ஸ்ட்ரீமிங்கில் வழக்கமாக இதுதான். டிவிடியிலும் ப்ளூ-ரேயிலும் இதேதான். ஆக, வட்டிலும் அந்தச் சிவப்பு கசியும். போதாக்குறைக்கு, டிவிடி வீடியோவின் உயரம் 576 வரிகளைத் தாண்டாது. சிறிய எழுத்து அதில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும்.

பிறகு எதற்கு வைத்திருக்க வேண்டும்? பதிப்புக்காக. பிறர் எழுதிய நிரல் நூலகங்களைப் பயன்படுத்தும்போது அவற்றின் பதிப்பு எண்ணை நிலைநிறுத்தி வைக்கும் நாம், பாடங்களை மட்டும் அடுத்தவர் சர்வரை நம்பி விட்டுவிடுகிறோம். 2016-இல் 11 வரிகள் கொண்ட லெஃப்ட்-பேட் என்ற குட்டி நிரல், என்பிஎம் என்ற பொது நிரல் களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டபோது அதை நம்பியிருந்த எத்தனை மென்பொருள்களின் பில்டுகள் உடைந்தன என்பது உங்களுக்குத் தெரியும். பைத்தான் நிரல்மொழியின் 2-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. அதில் எழுதிய நிரல்களைப் பராமரிப்பவர்களின் வேலை முடியவில்லை. அவர்களுக்கு வேண்டிய பழைய பாடத்தை, புதுப்பிக்கிறோம் என்று தளம் ஒருநாள் எடுத்துவிடும். நான் பாதி பார்த்திருந்த ஒரு பாடத்தொடர் அப்படித்தான் போனது.

வட்டு என்றால் முழுச் சுதந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். அதிலும் பூட்டு உண்டு. கணினியில் 4கே ப்ளூ-ரே பார்ப்பதற்கான அதிகாரபூர்வ மென்பொருள்கள் இன்டெல் சில்லுகளில் இருந்த எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதியை நம்பியிருந்தன. பின்னாளில் வந்த கோர் சில்லுகளில் இன்டெல் அதையே கைவிட்டது. காசு கொடுத்து வாங்கிய வட்டு கையில் இருக்கும், புதிய கணினி அதை ஓட்டாது. பூட்டில்லாத கோப்பாகத் தரவிறக்க விடும் இடத்தில் பாடம் வாங்குவதையே நான் விரும்புவேன்.

உங்கள் டிவிடிகளில் கணினியில் பதிவு செய்தவை இருந்தால் இந்த வாரமே போட்டுப் பாருங்கள். அவற்றின் சாயப்படலம் காலப்போக்கில் மங்கும். ஓடுபவற்றை வன்தட்டுக்கு நகலெடுத்து, கோப்பு பின்னால் மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் எஸ்எச்ஏ-256 மதிப்பையும் குறித்துவையுங்கள். என்னுடைய வட்டு ஒன்று சி மொழிப் பாயின்டர் பாடத்தின் நடுவே நின்றுவிட்டது. மீதியை நான் இன்னும் பார்க்கவில்லை.