பனை உயர மனிதன் நிற்பானா? – கேள்வி பதில்

மாங்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் வாசிகசாலையில் வைத்த கேள்விப் பெட்டியில் இந்த முறை பாதிக்கு மேல் இராட்சதரைப் பற்றித்தான். உயிரியல் படிப்பித்தவன் என்பதால் பதில் எழுதும் வேலை எனக்கு வந்தது.

சேர், பனை உயரத்துக்கு மனிதர் வாழ்ந்திருக்கலாமா?

முடியாது தம்பி. எட்டுத் தீப்பெட்டிகளை அடுக்கி, எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கான ஒரு பெட்டி ஆக்கிப் பார். பாரம் எட்டு மடங்கு; நிலத்தில் ஊன்றும் பரப்பு நாலு மடங்குதான். 6 அடி, 75 கிலோ ஆளை அப்படியே 60 அடிக்கு வளர்த்தால் 75 தொன். தொடை எலும்பின் குறுக்குப் பரப்போ நூறு மடங்குதான் கூடும். அப்போது எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் பத்து மடங்கு சுமக்க வேண்டும். ஓர் எட்டு வைக்கவே முறிந்துவிடும். கலிலியோ 1638இலேயே இதை எழுதிவிட்டார். அளந்து பதிவான மனிதரில் மிக உயரமானவர் அமெரிக்காவின் ரொபேர்ட் வாட்லோ, 8 அடி 11 அங்குலம். அவருக்கே காலில் தாங்கி வேண்டியிருந்தது. அது உரசிய புண்ணில் கிருமி தொற்றி 1940இல், 22 வயதில் இறந்தார்.

அப்போ யானை எப்படி நிற்கிறது?

நாலு கால், அதுவும் தூண் மாதிரி நேராக. மனிதனின் உருவத்தை மாற்றாமல் பெருப்பித்தால்தான் சிக்கல்.

யானை துள்ளாது என்று போன முறை எழுதினீர்கள். வெடி கொளுத்தினால் பாய்ந்து வருகிறதே?

இதே கேள்வி மூன்று கையெழுத்தில் வந்திருக்கிறது. ஒருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார். வயலில் காவல் இருந்தவரின் கோபம், எனக்கு விளங்குகிறது. யானை வேகமாக வரும், மணிக்கு 25 கிலோமீற்றர் வரை அளந்திருக்கிறார்கள். ஆனால் அந்த வேகத்திலும் ஒரு காலாவது நிலத்தில் இருக்கும். நாலு காலும் ஒன்றாக எழும்பாது. அகலமான அகழியை அது பாய்ந்து கடக்காததும் அதனால்தான். வேகம் வேறு, துள்ளல் வேறு. தயவுசெய்து இதைப் பார்க்கவென்று கிட்டப் போகாதீர்கள்.

கதையில் வரும் பெருவிரல் அளவுக் குள்ளன், குறளி, இருக்க முடியுமா?

6 சென்ரிமீற்றர் ஆள் மூன்று கிராம்கூட வரமாட்டான். அவன் மூளை 0.05 கிராம், அதில் பேச்சும் சூழ்ச்சியும் அடங்காது. உடம்புச் சூடும் நிற்காது, நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். ஆனால் மூன்றரை அடி மனிதர் உண்மை. இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில், லியாங் புவா குகையில் 2003இல் அவர்களின் எலும்பு கிடைத்தது. மூளை நம்முடையதில் மூன்றில் ஒன்று, ஆனாலும் அந்தக் குகையில் கல்லாயுதங்கள் இருந்தன. எனக்கு எந்த இராட்சதக் கதையையும் விட இவர்கள்தான் அதிசயம்.

போனில் வந்த இராட்சத எலும்புக்கூட்டுப் படம்? (ஐந்து பேர்)

ஒட்டு வேலை. அனுப்பாதீர்கள்.

குளத்தில் மண் அள்ளும்போது பெரிய எலும்பு வந்தது. இராட்சதனுடையதா?

மூன்று அடி நீளத் தொடை எலும்பு என்றால் யானையாக இருக்கலாம். ஒன்றரை அடியை ஒட்டியது என்றால் மனிதனுடையதாக இருக்கலாம், உடனே கையை எடு, தம்பி. 2023இல் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய இடத்தில்தான் மனித எலும்புகள் வெளிவந்தன. கழுவாதே, வீட்டுக்குக் கொண்டு போகாதே. கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் சொல். எலும்பு கிடந்த நிலையும் பக்கத்தில் கிடக்கும் உடுப்புத் துண்டும்தான் அது யாருடைய பிள்ளை என்று சொல்லும்.