சிலிண்டர் ஆக்சிஜன் போதாதா?

கேள்வி: சங்கு குளித்துவிட்டு வந்த மச்சானுக்கு மூட்டுவலி, கால் மரப்பு. 'ஹைபர்பாரிக் ஆக்சிஜன்' வேண்டுமாம். சிலிண்டர் போதாதா?
– வாசகர், கீழக்கரை

பதில்: போதாது. கிரேக்கத்தில் 'ஹைபர்' மிகை, 'பாரோஸ்' எடை. ஆக, மிகையழுத்த ஆக்சிஜன். ஆழத்தில் கம்ப்ரசர் குழாய்க் காற்றின் நைட்ரஜன் உடலில் கரைகிறது. சட்டென மேலேறினால், சோடா மூடியைத் திறந்ததுபோல் குமிழியாகிறது; வலியும் மரப்பும் அதனால்தான். மூடிய அறையில் வளிமண்டலத்தைப்போல் 2.8 மடங்கு அழுத்தம் (18 மீட்டர் ஆழத்துக்குச் சமம்) கொடுத்து, இடையிடையே சாதாரணக் காற்றுடன், ஏறத்தாழ 5 மணி நேரம் சுத்த ஆக்சிஜன் தருவார்கள். குமிழி சுருங்கும், நைட்ரஜன் வெளியேறும்.

தாமதிக்காதீர்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, முகமூடியில் ஆக்சிஜன் கொடுத்தபடியே அந்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வலி போகட்டும் என்று மறுபடி கடலில் இறக்குவது ஆபத்து. நெஞ்சுக்கூட்டில் காற்றுக் கசிவு இருந்தால் முன்பே சொல்லுங்கள். அறைக்குள் போகும்போது தலைக்கு எண்ணெய், பையில் லைட்டர் கூடாது, தீப்பிடிக்கும்.